பழைய சவரக்கத்தி வாங்கலாமா? குறையைப் பார்த்து முடிவு செய்யும் வழி

பழைய மடக்குச் சவரக்கத்தியைப் படம் பிடித்து அனுப்பி "இதை வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் முதலில் சொல்வது அதன் பெயரைத்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், இன்ன கம்பெனி, இத்தனை வருடப் பழசு. நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முகத்தில் வைத்து மழிக்கப் போகிற கத்திக்கு முதுகு, வாய், எஃகின் பதம் (சூடேற்றி ஆறவைத்து ஏற்றிய கடினம்) ஆகிய மூன்றும்தான் உயிர். இவை சரியாக இருந்தால், பிடி உடைந்து துருவேறிக் கிடக்கும் பெயர் தெரியாத கத்தி கூட நூறு வருடம் கழித்தும் அருமையாக மழிக்கும். மூன்றில் ஒன்று கெட்டிருந்தால் எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும் அது அலமாரிக்குத்தான்.

இது மழிப்பதற்காக வாங்குபவர்களுக்கு எழுதியது. கண்காட்சிப் பொருளாகச் சேர்ப்பவர்களின் கணக்கு வேறு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெர்னியர் காலிப்பர், உள்ளங்கை அளவு தடித்த கண்ணாடித் துண்டு, துளி மெஷின் எண்ணெய், பழைய துணி. கத்தி மழுங்கித்தானே இருக்கும் என்று வாயோடு விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள். மழுங்கிய வாயில் இருக்கும் சின்னப் பொக்கை, அதாவது வாய் உடைந்த இடம், தோலை நன்றாகவே கிழிக்கும்.

உறுப்புகளின் பெயர்: மேலே தடித்திருப்பது முதுகு, வெட்டும் ஓரம் வாய், அலகைப் பிடியோடு கோக்கும் ஆணிப் பக்கம் இருக்கும் முனை அடி, எதிர்முனை நுனி. அலகுக்கும் ஆணிக்கும் நடுவில் முத்திரை குத்தியிருக்கும் இடம் கழுத்து.

## அறிகுறி: அலகில் துரு

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நான் கடைசியாகப் பயப்படுவதும் இதற்குத்தான். இவை பெரும்பாலும் கார்பன் எஃகுக் கத்திகள், துருப் பிடிக்கத்தான் செய்யும். துரு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

துணியில் செந்தூள் ஒட்டிக்கொண்டு வருகிறதா? மேல் துருதான். ஒரு துளி எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, மிக நைசான நீர்க்காகிதத்தால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புக்காகிதம்) வீட்டிலேயே எடுத்துவிடலாம். விலை குறைத்துக் கேட்க இது நல்ல சாக்கு. தாராளமாக வாங்குங்கள்.

கறுப்பாக, சாம்பல் நிறமாகப் படலம் படிந்திருக்கிறதா? அது கெடுதல் இல்லை. எஃகு வயதானால் அப்படித்தான் நிறம் மாறும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

துருவை ஒதுக்கினால் கீழே குழி தெரிகிறதா? இப்போது லென்ஸை எடுங்கள். குழிகள் முதுகுப் பக்கமோ அலகின் நடுவிலோ இருந்தால் பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். வாயிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் யோசியுங்கள். கத்தியைத் தீட்டத் தீட்ட வாய் மேலே ஏறிக்கொண்டே வரும். இன்று வாய்க்கு அரை மில்லிமீட்டர் மேலே இருக்கும் குழி, நாளை வாயிலேயே வந்து நிற்கும். அந்த இடத்தில் வாய் பொடிந்து உதிரும், மறுபடி தீட்டினால் அடுத்த குழி வரும்.

வாயிலேயே மிளகுப்பொடி தூவியது போல் கரும்புள்ளிகளா? வாங்காதீர்கள். வெளியே புள்ளியாகத் தெரிவது உள்ளே அகன்றிருக்கும். பொக்கையில்லாத எஃகு வரும்வரை தேய்த்தால் அலகின் அகலம் எவ்வளவு மிஞ்சும் என்பதை வாங்குகிறபோது கணக்கிட முடியாது.

இன்னொரு இடம் எல்லோரும் மறந்துவிடுவது: பிடிக்குள் மறைந்திருக்கும் ஆணித்துளை. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உள்ளே பாருங்கள். அங்கே கெட்டியான செந்துரு உப்பியிருந்தால் அது பிடியை உள்ளிருந்து நெம்பி வெடிக்க வைக்கும். ஆணியைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அறைய வேண்டும், அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை. கத்தியின் விலையோடு அந்தக் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி: முதுகு தட்டையாகத் தேய்ந்திருக்கிறது

சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும். வாயின் கோணத்தை முதுகின் தடிமன்தான் நிர்ணயிக்கிறது. அதனால் தீட்டுகிறபோதெல்லாம் முதுகும் கொஞ்சம் தேயும், தேய்ந்த இடம் மினுக்கும் பட்டையாகத் தெரியும். பட்டை இருப்பது குறையல்ல. உழைத்த கத்தி என்று அர்த்தம். பட்டையின் அகலமும் ஒழுங்கும்தான் கவனிக்க வேண்டியவை.

முதலில் கண்ணால் பாருங்கள். பட்டை இரண்டு பக்கமும், அடியிலிருந்து நுனிவரை, ஏறக்குறைய ஒரே அகலமா? ஆம் என்றால் தீட்டியவர் கை சுத்தம். நல்ல அறிகுறி. ஒரு பக்கம் நூல் அளவு, மறுபக்கம் 3 மில்லிமீட்டர் என்றிருந்தால், அல்லது அடியில் அகலமாகத் தொடங்கி நுனியில் காணாமல் போனால், கத்தியின் வடிவமே கோணிப்போயிருக்கும். ஒரே சீராக நிறையத் தேய்ந்த கத்தியை நான் வாங்குவேன், கோணலாகக் கொஞ்சம் தேய்ந்ததை விட்டுவிடுவேன். ஆப்பு வடிவத்தில் கனமாக இருக்கும் பழைய ஷெஃபீல்டு கத்திகளில் பட்டை இயல்பாகவே அகலமாக விழும், அதற்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம்.

அப்புறம் அளந்து பாருங்கள். காலிப்பரால் முதுகின் தடிமனை எடுங்கள். கல்லில் படும் பட்டையிலிருந்து வாய்வரை உள்ள அகலத்தையும் எடுங்கள். அகலத்தைத் தடிமனால் வகுங்கள்.

- 3.2 முதல் 4.1 வரை: கோணம் 14 முதல் 18 டிகிரிக்குள் வரும். மழிப்பதற்கு ஏற்றது.
- 4.3க்கு மேல்: முதுகு அதிகம் தேய்ந்துவிட்டது. வாய் மிக மெல்லிசாக வரும், கூர் நிற்காது.
- 3க்குக் கீழே: முதுகு அப்படியே இருக்க அலகின் அகலம் குறைந்துவிட்டது. கோணம் 19 டிகிரியைத் தாண்டும், தாடியை வெட்டாமல் இழுக்கும்.

ஒரு உதாரணம். அகலம் 15 மில்லிமீட்டர், முதுகு 4.2 என்றால் ஈவு 3.6. கோணம் 16 டிகிரி, கச்சிதம். அதே கத்தியின் முதுகு 3.3 ஆகத் தேய்ந்திருந்தால் ஈவு 4.5, கோணம் 13க்கும் கீழே. இதற்கு எளிய வைத்தியம் உண்டு: தீட்டும்போது முதுகின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் கூடும், ஈவு 4.2க்கு இறங்கும். பத்து ரூபாய் டேப்பில் தீருகிற குறை. எதிர்ப்பக்கக் குறைக்கு, அதாவது அகலம் போய் முதுகு தடித்து நிற்பதற்கு, இவ்வளவு மலிவான வழி கிடையாது. முதுகைத் தேய்த்து மெலிய வைக்க வேண்டும், அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

சலூனில் வருடக்கணக்கில் ஓடிய கத்திகளில் இந்தத் தேய்மானம் சகஜம். 6/8 அங்குல அகலமாகப் பிறந்தது 4/8 ஆக மெலிந்து போயிருக்கும். முதுகும் வாயும் சேர்ந்தே தேய்ந்திருந்தால் ஈவு மாறியிருக்காது. அது மெலிந்த கத்தி, கெட்ட கத்தி அல்ல. மூக்குக்குக் கீழே மழிக்க அதைவிடச் சுகமானது இல்லை.

## அறிகுறி: வாய் நேராக இல்லை

வாயைக் கண்ணாடித் துண்டின் மேல் மெதுவாக நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள். பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள்.

நடுவில் வெளிச்சம் கசிகிறது, இரு முனையும் தொடுகிறது. வாய் உட்குழிந்துவிட்டது. தட்டையில்லாத கல்லில் தீட்டியதன் பலன் இது. தாளின் தடிமன் அளவுக்குக் கசிந்தால் 1000 நம்பர் கல்லில் (நம்பர் கூடக்கூடக் கல் நைசு) பொறுமையாகத் தேய்த்து நேராக்கலாம். அரை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் வாயைக் கல்லில் செங்குத்தாகத் தேய்த்து நேராக்கிவிட்டு, வாயின் இரு பக்கமும் புதுசாகச் சரிவு எழுப்ப வேண்டும். முதல் கத்தியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது வேறு கத்தி பாருங்கள்.

நடு தொடுகிறது, இரு முனையிலும் வெளிச்சம். பயப்பட வேண்டாம். பல பழைய ஷெஃபீல்டு கத்திகளை வேண்டுமென்றே லேசாக வெளியே வளைத்துத்தான் செய்தார்கள். வளைவு ஒரே சீராக இருந்தால் அது குணம். தீட்டும்போது கத்தியைக் கல்லின் மேல் லேசாக உருட்டி எடுக்கப் பழக வேண்டும், அவ்வளவே. இதைக் குறை என்று நினைத்து நேராக்குகிறவர்கள் நல்ல கத்தியை வீணடிக்கிறார்கள்.

அலைபோல் ஏறி இறங்குகிறது. விட்டுவிடுங்கள்.

அடியில் கொக்கி போல ஒரு முனை நிற்கிறது. அடியின் தடித்த ஓரம் கல்லில் ஏறாதபடி தீட்டியதால் அந்த இடம் மட்டும் தேயாமல் நின்றுவிட்டது. மழிக்கும்போது காது மடலையும் கன்னத்தையும் கீறுவது இதுதான். அடியை வளைவாகத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது, சிறிய வேலை.

பொக்கை. லென்ஸில் மட்டும் தெரிகிறதா, சாதாரண தீட்டலிலேயே போகும். கண்ணுக்குத் தெரிகிறது, ஆழம் அரை மில்லிமீட்டருக்குள் என்றால் உழைத்தால் போகும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் மேலே சொன்ன ஈவைக் கணக்குப் போடுங்கள்: அகலத்தில் பொக்கையின் ஆழத்தைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். 3.2க்குக் கீழே போகிறதென்றால் வேண்டாம். பொக்கை நுனியில் மட்டும் இருந்தால் நுனியை உருட்டிவிடலாம். கூர்நுனியை விட உருண்ட நுனி புதியவர்களுக்குப் பாதுகாப்பும் கூட.

## அறிகுறி: சன்னமாக ஒரு கோடு

இங்கேதான் அவசரப்படாமல் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற எந்தக் குறையும் பணத்தைத்தான் வீணாக்கும். விரிசல் முகத்தில் வேலை காட்டும். குழிவாகத் தேய்த்த ஸோலிங்கன் அலகின் நடுப்பகுதி காகிதம் போல மெல்லிசு. விரிசல் உள்ள துண்டு மழிக்கும் நேரத்தில் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கோடு என்றால் மூன்று வகை: மேல் கீறல், தீட்டுக்கல்லின் தடம், உண்மையான விரிசல். பிரித்தறிய இந்த வரிசையில் செல்லுங்கள்.

முதலில் டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து நான்கு திசையிலிருந்தும் அடியுங்கள். கீறல் ஒரு திசையில் பளிச்சென்று தெரியும், இன்னொரு திசையில் மறைந்துவிடும். விரிசல் எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பு நூலாகவே நிற்கும்.

அடுத்து அலகைத் திருப்பி மறுபக்கம் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம், விரிசல்தான். இல்லாவிட்டாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் திறந்த விரிசலும் உண்டு.

பின்பு கோட்டின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு நன்றாகத் துடைத்து, இரண்டு நிமிடம் காத்திருங்கள். விரிசல் உள்ளே குடித்த எண்ணெயை மெல்ல வெளியே விடும். துடைத்த அலகில் ஈரக்கோடு மட்டும் மறுபடி எழுந்து வருவதை லென்ஸில் பார்க்கலாம். மூன்றில் நான் மிகவும் நம்புவது இந்தச் சோதனையைத்தான்.

நகத்தால் சுண்டிக் கேட்கும் முறை ஒன்றும் இருக்கிறது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைச் சுண்டினால் குழிவாகத் தேய்த்த நல்ல அலகு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விழுந்தது மொத்தென்று அடங்கும். ஆனால் ஆணி இறுக்கமாக இருந்தாலோ அலகு ஆப்பு வடிவமாக இருந்தாலோ நல்ல கத்தியும் மொத்தென்றுதான் கேட்கும். இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

விரிசல் ஒளிந்திருக்கும் இடங்கள்: ஆழமான துருக்குழியின் அடி, அலகு கழுத்தோடு சேரும் தோள், ஆணித்துளையைச் சுற்றி, பொக்கையின் உச்சி. கடைசியாகச் சொன்னதை லென்ஸில் பார்க்காமல் பொக்கையுள்ள கத்தியை வாங்கவே கூடாது. ஒருவர் கொண்டுவந்த 5/8 ஸோலிங்கன் கத்தியில் கடுகளவு பொக்கை ஒன்றுதான் வெளிப்படையாகத் தெரிந்தது. லென்ஸை வைத்தால் அதன் உச்சியிலிருந்து தலைமுடியில் பாதி கனத்தில் ஒரு கோடு முதுகை நோக்கி ஏறி, குழிவு தொடங்கும் இடத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்ததும் அந்தத் திருப்பம் வரைக்கும் ஈரம் எழுந்தது. அந்தத் துண்டு எப்போது வேண்டுமானாலும் முக்கோணமாகப் பெயர்ந்திருக்கும்.

விரிசல் வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் முடிகிறது, தேய்த்து எடுத்தாலும் ஈவு கெடாது என்றால் அனுபவசாலி ஒருவர் காப்பாற்றலாம். மற்ற எல்லா விரிசலுக்கும் பதில் ஒன்றே: இலவசமாகக் கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள். பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது, பற்றவைக்கும் சூட்டில் பதம் போய்விடும்.

## அறிகுறி: கண்ணாடி போல் பளபளக்கிறது

துருவைக் கண்டு ஓடுகிறவர்கள் இதைக் கண்டு மயங்குகிறார்கள். நூறு வருடக் கத்தி புத்தம்புதுசாக மின்னினால் நான் கேட்கும் முதல் கேள்வி: யார், எதை வைத்து மெருகேற்றினார்கள்?

கையால் பொறுமையாக மெருகேற்றியிருந்தால் பிரச்சினை இல்லை. மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்து அழுத்தியிருந்தால் மெல்லிய வாய்ப்பகுதி நொடியில் சூடேறிவிடும். எஃகில் நீலநிறம் ஏற 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சவரக்கத்திக்குப் பதம் கொடுப்பது அதைவிட மிகக் குறைந்த சூட்டில். அதாவது வாயில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் கடினம் இறங்கி வெகுநேரமாகிவிட்டது. வைக்கோல் மஞ்சள் தெரிந்தாலும் எச்சரிக்கைதான். கொடுமை என்னவென்றால், அந்த நிறத்தையும் அதே சக்கரத்தில் தேய்த்து அழித்துவிட முடியும். பதம் போனது வெளியே தெரியாது, தீட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்: கூர் ஏறும், ஒரு மழிப்பில் மடங்கிவிடும்.

அதனால் மறைமுகமான தடயங்களைத் தேடுங்கள். கழுத்தில் உள்ள எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, சோப்பில் எழுதியது போல் கரைந்திருக்கிறதா? அலகும் கழுத்தும் சேரும் கோடுகள் நறுக்கென்று இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா? ஜன்னல் வெளிச்சம் அலகில் நேராக விழுகிறதா, நெளிகிறதா? கரைந்த எழுத்து, மழுங்கிய கோடு, நெளியும் வெளிச்சம் மூன்றும் சேர்ந்திருந்தால் சக்கரத்தில் போட்டது உறுதி. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் வாங்காதீர்கள்.

அலகில் பொன்முலாம் எழுத்தோ அமிலத்தால் பொறித்த சித்திரமோ மிச்சம் இருந்தால் அது மிக நல்ல சகுனம். பொன்முலாம் லேசான தேய்ப்பிலேயே போய்விடும். அது நிற்கிறதென்றால் அந்த அலகை யாரும் தொட்டுக் கெடுக்கவில்லை. பளபளக்கும் கத்தியையும், கறை படிந்து பொன்னெழுத்து பாதி நிற்கும் கத்தியையும் ஒரே விலைக்கு வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

## அறிகுறி: கண்ணாடியில் வைத்தால் ஆடுகிறது

அலகைப் படுக்கவைத்து முதுகும் வாயும் கண்ணாடியில் படும்படி பிடியுங்கள். ஒரு மூலையை மெல்லத் தொட்டால் எதிர் மூலை எழுகிறதா? மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். லேசான ஆட்டம் என்றால் குறுகலான கல்லில் தீட்டிச் சமாளிக்கலாம். எட்டிப் பார்த்தாலே முறுக்கு தெரிந்தால் விடுங்கள். தட்டி நிமிர்த்தப் பார்த்தால் உடையும்.

## அறிகுறி: மூடும்போது அலகு பிடியில் இடிக்கிறது

காரணங்கள், எளிதிலிருந்து சிரமத்துக்கு:

ஆணி தளர்ந்திருக்கும். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கெட்டியான இரும்பின் மேல் ஆணித்தலையை வைத்து, சிறு சுத்தியலால் மிக லேசாகத் தட்டினால் இறுகும். கொஞ்சம் வலுவாகத் தட்டினால் பழைய பிடி பிளந்துவிடும்.

பிடி கோணியிருக்கும். கொம்புப் பிடி என்றால் சூடான நீரில் இளக்கி நேராக்கலாம்.

அலகின் கழுத்தே வளைந்திருக்கும். இது அபூர்வம், சரிசெய்வதும் கடினம்.

முதல் இரண்டுக்காக ஒரு நல்ல அலகை விடாதீர்கள். மாற்றுப் பிடி போட முடியும், மாற்று அலகு போட முடியாது. ஆனால் சரிசெய்யும்வரை கத்தியை முழுசாக மூடாதீர்கள். வாய் பிடியில் இடித்தே பொக்கை விழுந்த கத்திகள் ஏராளம்.

## அறிகுறி: பிடியில் விரிசல், வாடை, பிசுபிசுப்பு

பிடி எதனால் ஆனது என்பதுதான் முதல் கேள்வி.

மூக்கில் வைத்தால் காரமான அமில வாடை, அல்லது அலகு பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு. இது செல்லுலாய்டு அழுகிக்கொண்டிருக்கும் அடையாளம். செல்லுலாய்டு நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. வயதானால் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். காற்றின் ஈரத்தோடு அது அமிலமாகி அலகைத் தின்னும். ஆமை ஓடு போலத் தோன்றும் ஒளி ஊடுருவும் பிடிகளில் இது அதிகம். அழுகல் தொடங்கினால் நிறுத்த வழியில்லை. அலகு நன்றாக இருந்தால் வாங்கி அன்றைக்கே பிடியைக் கழற்றி எறியுங்கள். மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் ஓர் இரவு கூட வைக்காதீர்கள், பக்கத்துக் கத்திகளும் துருப்பிடிக்கும். பொருளைக் கண்டுபிடிக்கச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செல்லுலாய்டு பக்கென்று பற்றிக்கொள்ளும் சரக்கு, அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும், அது போதும்.

ஓரத்தில் இதழிதழாகப் பிரிகிறது, பூச்சி அரித்த குழி. கொம்பு. ஷெஃபீல்டுக்காரர்கள் பிடிக்கு எருமைக்கொம்பை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள், அதில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. காய்ந்த கொம்புக்கு எண்ணெய் ஊட்டினால் உயிர் வரும். பிரிந்த இதழை ஒட்டலாம். செலவு குறைவு.

வெள்ளைப் பிடி, விற்பவர் "தந்தம்" என்கிறார். லென்ஸில் பாருங்கள். இழைகள் ஒரே இடைவெளியில் நேர்கோடாக ஓடினால் அது தந்தம் போலச் செய்த செல்லுலாய்டு. கறுப்புப் புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரிந்தால் எலும்பு. ஒழுங்கில்லாமல் ஓடும் மெல்லிய இழைகளும், குறுக்கு வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகளும் இருந்தால் யானைத்தந்தம். அப்படி இருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். பிரிட்டனிலும் தந்தச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தபின், சில விதிவிலக்குகள் தவிர, பழம்பொருளாக இருந்தாலும் விற்க முடியாது. தபாலில் வரவழைப்பது இன்னும் பெரிய வம்பு.

## அறிகுறி: முத்திரை மங்கல், அல்லது பெயர் மட்டும் பெரிசு

முதுகும் வாயும் தேறிய பிறகு இங்கே வாருங்கள்.

'ஜெர்மனி' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் கட்டாயமாக்கியது, அந்தச் சந்தைக்கு அனுப்பியவர்கள் குத்தத் தொடங்கினார்கள். கிரீடத்தோடு வி.ஆர். எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ஜி.ஆர். என்றால் அதற்கும் முன்பாக ஜார்ஜ் அரசர்கள் காலமாக இருக்கலாம். கழுத்துக்குப் பின்னால், விரல் வைக்கும் வால் இல்லாமல் கட்டையாக முடிந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு பாணி. அதைப் பிடித்து மழிப்பது கஷ்டம், புதியவர்களுக்கு வேண்டாம்.

ஜோசப் ராட்ஜர்ஸின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும், வாஸ்டன்ஹோமின் ஐ.எக்ஸ்.எல்., ஸோலிங்கனில் ஹெங்கெல்ஸின் இரட்டையர் சின்னம், ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா ஊர்க் கத்திகள் எல்லாம் நம்பத்தக்க பெயர்கள். அவற்றுக்கு அதிக விலை கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஸோலிங்கன் என்ற ஊர்ப் பெயர் மட்டும் இருந்து கம்பெனியே தெரியாத எத்தனையோ கத்திகள் அதே தரத்தில் மழிக்கின்றன, கால்விலைக்குக் கிடைக்கின்றன. முதல் கத்தியாக அப்படி ஒரு 5/8 அல்லது 6/8 அங்குல அலகைத்தான் நான் சிபாரிசு செய்வேன். 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதற்காக விலையை ஏற்றினால் ஏமாறாதீர்கள். மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820களின் தொடக்கத்தில் எஃகில் வெள்ளி கலந்து பார்த்த ஆராய்ச்சியின் புகழில் ஷெஃபீல்டில் ஒட்டிக்கொண்ட வியாபாரப் பெயர் அது. அந்த எழுத்து இருப்பதாலேயே வெள்ளி இருப்பதாக அர்த்தமில்லை.

பழசு என்ற பெயரில் விற்கும் புதுக் கத்திகளும் உண்டு. அலை அலையாகச் சித்திரம் ஓடும் அலகு, பித்தளைப் பிடி, முதுகில் தேய்மானமே இல்லை, ஆனால் கண்ணாடியில் வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் படாது. அது கத்தி வடிவில் ஒரு பொம்மை. எந்தக் கல்லிலும் கூர் ஏறாது.

## அறிகுறி: கையில் கத்தி இல்லை, படம் மட்டும்தான்

இணையத்தில் வாங்குபவர்கள் இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: இரண்டு பக்கமும் முழு அலகு, வாயை நேராகப் பார்த்து ஒன்று, முதுகை மேலிருந்து பார்த்து ஒன்று, கழுத்து முத்திரை, மூடிய நிலையில் மேலிருந்து ஒன்று, காலிப்பரோ அளவுகோலோ வைத்து ஒன்று. முதுகுப் படத்தில் மினுக்குப் பட்டையின் அகலம் தெரியும். மூடிய படத்தில் அலகு நடுவில் நிற்கிறதா என்று தெரியும்.

வாய்ப் பக்கத்தை மட்டும் எல்லாப் படத்திலும் நிழலில் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். மங்கலான படத்தையும், "கூர்மையாக இருக்கிறது, மழிக்கத் தயார்" என்ற வாசகத்தையும் ஒருபோதும் விலையில் சேர்க்காதீர்கள். எவ்வளவு கூர்மை என்று சொன்னாலும் வந்த பிறகு தீட்டத்தான் வேண்டும். விரிசல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராதது கூட ஒரு பதில்தான்.

## அறிகுறி: வாங்கியாயிற்று, கூர் ஏறவே இல்லை

முதலில் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள். சோப்பு நீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உடனே ஈரம் எடுங்கள். இன்னொருவர் முகத்தில் ஓடிய கத்தி இது, தவிர்க்காதீர்கள். கொதிநீரில் போட வேண்டாம், பிடி கெடும்.

தோல் வாரில் இருபது முப்பது தடவை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தால் வாய் அடிப்படையில் சரி, 8000, 12000 நம்பர் கல்லில் மெருகு போதும். மாற்றமே இல்லையென்றால் வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கல்லில் இரண்டு முறை இழுங்கள். மை முழுசாக அழிந்தால் வாய் கல்லில் படுகிறது, 1000 நம்பரில் புதுச் சரிவு எழுப்பி மேலே போங்கள். அடியிலோ நுனியிலோ மை அப்படியே நின்றால் அந்த இடம் கல்லைத் தொடவே இல்லை. முறுக்கு அல்லது உட்குழிவு இருக்கிறது என்று அர்த்தம், மேலே அந்தப் பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

மை எல்லா இடமும் அழிகிறது, 1000 நம்பரில் நன்றாக வேலை செய்தும் வாய் பொடிந்துகொண்டே இருக்கிறதா? சுமார் கால் மில்லிமீட்டர் எஃகை எடுத்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள். மேலோட்டமாகக் கெட்ட பகுதி மட்டும் என்றால் கீழே நல்ல எஃகு கிடைக்கும். அதன் பிறகும் பொடிந்தால், அல்லது பொடியாமல் மெத்தென்று மடங்கினால், பதம் போய்விட்டது.

கல்லில் இரண்டு மாலை செலவழித்தும் பலனில்லை என்றால் நிறுத்திவிட்டு அனுபவசாலியிடம் கொடுங்கள். மேலும் தேய்த்தால் முதுகுதான் போகும். எவரிடம் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். தெருவில் சக்கரச் சாணை பிடிப்பவரிடம் சமையலறைக் கத்தியைக் கொடுங்கள், சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தின் சூட்டில் பதம் போகும், முதுகும் வாயும் சேர்ந்து படும் கோணமும் போகும். சலூன்கள் எல்லாம் அரை பிளேடு மாட்டும் கத்திக்கு மாறிவிட்ட பிறகு தட்டைக் கல்லிலும் தோல் வாரிலும் தீட்டத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. உங்கள் ஊரில் வயதான முடிதிருத்துநர் யாராவது இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். "முதுகையும் சேர்த்துத்தானே கல்லில் வைப்பீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

தபாலில் அனுப்புவதானால் அலகுக்கு எண்ணெய் தடவி, மூடி, அலகு திறக்காதபடி பிடியைச் சுற்றி டேப் ஒட்டி, அட்டையில் சுருட்டி அனுப்புங்கள். காலிப்பரில் எடுத்த முதுகு, அகல அளவுகளை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி அளந்து பார்க்க அது உதவும்.